ஈயடிச்சான் காப்பியும் இசைத்தட்டின் கரகரப்பும்

1

"சாம்பிளிங் பண்ணா கலை, அசைன்மெண்ட்ல பண்ணா மட்டும் திருட்டா?" எழுத்துத் திருட்டைப் பற்றி எந்தக் கல்லூரி வகுப்பில் பேச ஆரம்பித்தாலும் கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் ஹிப்-ஹாப் கேட்பவராக இருப்பார். விளையாட்டுப் பேச்சு என்று இதை ஒதுக்க முடியாது. பிறர் பதிவுசெய்த இசையிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் பாட்டுக்குள் வைப்பவரைக் கலைஞர் என்கிறோம். பிறர் எழுதிய பத்தியைத் தன் தாளில் வைத்த மாணவரைத் துறை அறைக்குக் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. "அவங்க அனுமதி வாங்குறாங்க, நீ வாங்கல" என்பது ஒன்று. "அவங்க எடுத்ததை மாத்துறாங்க, நீ அப்படியே ஒட்டுற" என்பது இன்னொன்று. இரண்டும் பாதிதான் சரி. சாம்பிளிங்கின் பொற்காலம் என்று ரசிகர்கள் கொண்டாடுவது, பெரும்பாலும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காத காலத்தைத்தான். மாற்றுவது என்று பார்த்தால், ஒரு பத்தியைப் போட்டால் எல்லாச் சொற்களையும் மாற்றித் தரும் மென்பொருட்கள் இன்று கைபேசியிலேயே இருக்கின்றன. சொல் மாறிவிட்டதால் திருட்டு திருட்டில்லாமல் போய்விடுமா?

மாணவர் தரப்பு வாதமும் இலக்கியத்தில் ஏற்கெனவே ஒத்திகை பார்க்கப்பட்டதுதான். 2010இல் ஜெர்மனியில் ஹெலனே ஹேகமன் என்ற 17 வயதுப் பெண்ணின் முதல் நாவல் 'ஆக்ஸலாட்டில் ரோட்கில்' வெளிவந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. சில வாரங்களிலேயே, அதன் பகுதிகள் ஐரென் என்ற புனைபெயரில் எழுதியவரின் 'ஸ்ட்ரோபோ' நாவலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. ஹேகமன் பதறவில்லை. கலந்து சேர்ப்பதுதான் தன் தலைமுறையின் முறை, அசல் என்று எதுவும் இல்லை என்ற தொனியில் பதில் சொன்னார். லைப்சிக் புத்தகக் கண்காட்சியின் பரிசுப் பட்டியலிலிருந்தும் நாவல் நீக்கப்படவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு எரிச்சலடைந்தவர்களும் உண்டு, கைதட்டியவர்களும் உண்டு. ஐரெனின் இடத்திலிருந்து யோசித்தவர்கள் குறைவு.

இந்த ஒப்பீட்டை ஆசிரியர்கள் சொல்வதுபோல் தள்ளிவிடவும் கூடாது, மாணவர்கள் சொல்வதுபோல் அப்படியே ஏற்கவும் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் விஷயம் தெளிவாகும். எடுத்தவர் தான் எடுத்ததை உண்மையிலேயே கவனித்தாரா? கவனித்து எடுத்ததற்கு யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று சொன்னாரா? முதல் கேள்வி காதைப் பற்றியது. இரண்டாவது கணக்கைப் பற்றியது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் இசையிலும் கல்வியிலும் தவறான ஆட்கள் தண்டிக்கப்படுகிறார்கள்.

2

முதலில் இசை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. தட்டு சுழற்றியவர் டிஜே கூல் ஹெர்க். பாட்டில் பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்-ஹாப்பின் பிறப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். பிறந்தது ஒரு கவனிப்பிலிருந்து.

அதே ஹெர்க், மற்ற டிஜேக்கள் தன் தட்டுகளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவற்றின் லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். ஆக, 'சாம்பிளிங் மூலத்தை வெளிக்காட்டும், காப்பி மறைக்கும்' என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. தொடக்கத்திலேயே மறைப்பும் இருந்தது.

1980களின் இறுதியில் சாம்பிளர் கருவிகள் தயாரிப்பாளர்களின் கைக்கு வந்தன. எஸ்பி-1200 என்ற புகழ்பெற்ற கருவியின் மொத்த நினைவகம் ஏறக்குறைய 10 விநாடி. ஒரு பாட்டு முழுக்கத் தேவையான டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடம் மிச்சமானது, ஒலி கொஞ்சம் அழுக்கானது. அந்த அழுக்கே ஒரு அழகியலாகிவிட்டது. 10 விநாடிதான் உண்டு என்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்று நூறு தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

பழைய தட்டுகளில் ஊசி உரசும் கரகரப்பு இருக்கும். நினைத்தால் அதை நீக்கிவிடலாம். பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். 'இது எங்கிருந்தோ வந்தது, எனக்கு முன்பே ஒரு காலம் இருந்தது' என்று அந்தக் கரகரப்பு கேட்பவரிடம் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. லண்டனைச் சேர்ந்த ஈழத்தமிழ்ப் பின்புலம் கொண்ட எம்.ஐ.ஏ., 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. அதற்குள் 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' ஓடுகிறது. இளையராஜா அதைப் பொங்கல் கொண்டாட்டமாக, இரண்டு நண்பர்களின் உற்சாகமாக அமைத்திருந்தார். எம்.ஐ.ஏ.வின் பாட்டில் அதே தாளம் மேற்குலகின் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டும் ஒலியாக மாறுகிறது. மூலம் தெரிந்த தமிழ்க் காதுக்கு அங்கே இரண்டு பாட்டுகள் ஒரே நேரத்தில் கேட்கும். தெரியாதவருக்கும் பாட்டு பாட்டாகவே நிற்கும். நல்ல சாம்பிளின் இலக்கணம் இதுதான் என்பேன். மூலத்தைக் கண்டுபிடித்தால் அது கெடுவதில்லை, இன்னும் கொஞ்சம் வளர்கிறது.

காப்பியடித்த அசைன்மெண்டின் நிலை நேர்மாறு. மூலத்தை ஆசிரியர் கண்டுபிடித்த அந்த நொடியிலேயே அது செத்துப்போகிறது.

3

இதுவரை சொன்னது சாம்பிளிங்கின் பெருமை. அதன் கடன் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாட்டை வெளியிட்டது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஒரு பாட்டு வேண்டுமே என்று, பழைய தேவாலயப் பாட்டு ஒன்றைத் தழுவி 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசையைப் பதிவுசெய்தார்கள். நடுவில் கிரெகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் இடம் ஒன்று வருகிறது. நான்கு ஆவர்த்தனம், ஆறேழு விநாடி. 'ஆமென் பிரேக்' என்று பின்னால் பெயர்பெற்ற அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போயிருக்கிறது. என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' அதன்மேல் நிற்கிறது. 1990களில் பிரிட்டனில் ஜங்கிள் இசை என்ற வகையே அதை வெட்டி வெட்டி அடுக்கியதில் உருவானது. கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்துபோனார். குழுவின் தலைவரும் பாட்டின் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் உரிமைத்தொகை எதுவும் போகவில்லை. 2015இல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் இணையத்தில் நன்கொடை திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார். அது சட்டம் வாங்கித் தந்த பங்கு கிடையாது. கேட்டவர்கள் மனசாட்சிப்படி போட்ட பணம்.

கோல்மனின் டிரம்ஸை வெட்டியவர்கள் அதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிரித்துப் படித்தார்கள். ஆனால் கவனம் கடனைத் தீர்த்துவிடாது. 'நான் மாற்றிவிட்டேன், அதனால் எனக்குச் சொந்தம்' என்று சொல்லும் எவரும் கோல்மனை நினைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் இதைச் சரிசெய்ததா? 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டு ஒன்றின் துண்டை அனுமதி கிடைக்காமலேயே பயன்படுத்தியதற்காக நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றார். நீதிபதி கெவின் டஃபி தன் தீர்ப்பைத் திருட்டைத் தடுக்கும் விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். பிஸ் மார்க்கி 1993இல் வெளியிட்ட அடுத்த தொகுப்பின் பெயரே 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்ற பொருளில் இருந்தது. 2005இல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபங்கடெலிக் குழுவின் இரண்டு விநாடி கிட்டார் ஒலி குறித்த வழக்கில், துண்டு எவ்வளவு சிறிதானாலும் உரிமம் வாங்கு, இல்லாவிட்டால் எடுக்காதே என்று சொல்லிவிட்டது. 2016இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. மடோனாவின் 'வோக்' பாட்டில் வரும் 0.23 விநாடிக் கொம்பு ஒலியைச் சாதாரண ரசிகர் அடையாளம் காணவே முடியாது, எனவே குற்றமில்லை என்றது.

அடையாளம் தெரியாவிட்டால் குற்றமில்லை என்கிறது இந்தத் தீர்ப்பு. வகுப்பறையில் அடையாளம் தெரியாதபடி எடுப்பதுதான் முழுக் குற்றம்! இசைச் சட்டம் மூலப் பாட்டின் சந்தையைக் காக்கப் பார்க்கிறது. வகுப்பறை காக்க வேண்டிய பொருள் வேறு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் நம் கல்வித்துறை அதே விநாடிக்கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆய்வேட்டில் மற்ற நூல்களோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியதைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பொது அறிவாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் கணக்கில் வராது. அங்கே இரண்டு விநாடி, இங்கே 14 சொல். எண்ணுவது எளிது. படிப்பதுதான் கஷ்டம்.

4

எண்ணுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். இந்தச் சதவீதக் கணக்குக்கு வந்து சேரும் மாணவர் அதற்கு முந்தைய 15 ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்று பாருங்கள்.

பள்ளியில் 'புக் பேக்' கேள்விகளுக்குப் பதில், புத்தகத்தில் உள்ளபடி அடைப்புக்குறி போட்டுக் காட்டப்படுகிறது. மனப்பாடப் பகுதி என்று தனியாக ஒன்று இருக்கிறது என்றாலும், மற்றதும் மனப்பாடம்தான். கட்டுரைக்குக்கூட 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்று உரைநூலில் அச்சிட்டுத் தந்துவிடுகிறார்கள். சொந்தமாக எழுதிய பதிலுக்கு மதிப்பெண் குறையும் என்ற பயம் எல்லா வீடுகளிலும் உண்டு. அறிவியல் ரெக்கார்டு நோட்டைச் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது வழக்கம். கல்லூரியில் ஆசிரியர் நோட்ஸ் சொல்ல, மாணவர் எழுதுகிறார். தேர்வில் அதே நோட்ஸைத் திருப்பித் தருகிறார். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசுக்குச் செய்துதரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் பகிரங்கமாகப் பலகை வைத்திருக்கின்றன. இத்தனையும் கடந்து ஆய்வுப் படிப்புக்கு வந்து சேர்ந்ததும், ஒருநாள் காலையில் ஒரு மென்பொருள் சொல்கிறது: நீ திருடன், 43 சதவீதம்.

நான் சில ஆண்டுகள் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்து கட்டுக்கட்டாக அசைன்மெண்ட் திருத்தியிருக்கிறேன். 'சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம்' என்று ஒருமுறை தலைப்பு. மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் எங்கெங்கே இருந்தன என்று விளக்கும் இடத்தில், 'கீழே உள்ள வரைபடத்தில் காட்டியபடி' என்ற தொடர் பாதிக்கு மேற்பட்ட தாள்களில் இருந்தது. ஒரு தாளிலும் வரைபடம் இல்லை. எல்லோரும் எடுத்த மூலத்தில் இருந்திருக்கிறது, இவர்கள் தாளுக்கு வரவில்லை.

தமிழில் இதற்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது. ஈயடிச்சான் காப்பி. மூலப் பிரதியில் ஒரு ஈ நசுங்கி ஒட்டியிருந்ததாம். பிரதி எடுத்தவர் தானும் ஒரு ஈயைத் தேடிப்பிடித்து அடித்து, அதே இடத்தில் ஒட்டிவைத்தாராம். அந்த வரைபடம் இல்லாத 'வரைபடத்தில் காட்டியபடி'தான் நம் ஈ. இசைத்தட்டின் கரகரப்பும் ஒருவகை ஈதான், மூலத்தோடு வந்த அழுக்கு. தயாரிப்பாளர் அதைக் காதால் கேட்டு, வேண்டும் என்று முடிவெடுத்து வைக்கிறார். மாணவருக்கு ஈ இருப்பதே தெரியாது. எடுத்ததன் அளவு இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், சதவீதமும் ஒன்றாக இருக்கலாம். கேட்டது மட்டும் வேறு.

ஆனால் அந்தக் கட்டைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது மாணவர்கள் மேல் இல்லை. அந்தத் தாள்களை யாரும் படிக்கப்போவதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்டெர்னல் மார்க் போட்டாக வேண்டும். தாள் எண்ணிக்கையும் தடிமனும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், பக்கத்துக்கொரு சிவப்பு டிக் விழும். பிறகு கட்டுப்போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவார்கள், ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்காக. கேட்க ஆளில்லாத இசையை யார் பார்த்துப் பார்த்துக் கோப்பார்கள்? ஹெர்க்குக்கு முன்னால் ஆடும் கூட்டம் இருந்தது. நம் மாணவருக்கு முன்னால் அலமாரி.

இன்னொரு வகை மாணவரும் உண்டு. அவருக்குக் கள்ளத்தனம் இல்லை, மொழிதான் இல்லை. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர். துறைக்குரிய ஆங்கிலமோ, ஏன், துறைக்குரிய தமிழோகூட அவர் காதில் விழுந்து பழகியதில்லை. மூலத்தின் வாக்கியத்தை எடுத்து, ஒரு சொல்லை மாற்றி, ஒன்றை நீக்கி, தன் சொல் ஒன்றைச் செருகி எழுதுவார். அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்த ரெபெக்கா மூர் ஹோவர்ட் இதற்கு 'ஒட்டுப்போட்ட எழுத்து' என்று பொருள்படும் பெயரை வைத்தார். இதைக் குற்றமாகப் பார்க்காமல், புதிய மொழிக்குள் நுழைபவர் எடுத்துவைக்கும் அடியாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொல்வது சரி. பாட்டு கற்பவர் குருவின் பிருகாவை அப்படியே பாடிப் பாடித்தானே தன் குரலைக் கண்டுபிடிக்கிறார்? மென்பொருளுக்கு இந்த இரண்டு மாணவர்களும் ஒன்றுதான். சொல்லப்போனால் ஒட்டுப்போடத் திணறுபவர்தான் அதிகம் மாட்டுவார். காசு கொடுத்து எழுதி வாங்கியவர் தப்பித்துவிடுவார்.

5

கேட்பவர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க முடியும். அவர் மார்ட்டின் லூதர் கிங்.

1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிங் முனைவர் பட்டம் பெற்றார். பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் என்ற இரு இறையியலாளர்களின் கடவுள் கருத்தை ஒப்பிட்ட ஆய்வு அது. கிங்கின் எழுத்துகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்த ஸ்டான்ஃபோர்டின் கிளேபோர்ன் கார்சன் குழு, அந்த ஆய்வேட்டின் பல பகுதிகள் மேற்கோள்குறி இல்லாமல் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்தது. 1990இல் செய்தி வெளியானது. எடுக்கப்பட்டவற்றில் முக்கியமானது, அதே பல்கலைக்கழகத்தில் 1952இல் ஜாக் பூசர் சமர்ப்பித்த ஆய்வேடு. மூலநூல் பட்டியலில் பூசரின் பெயர் இருந்தது. எந்த வாக்கியம் அவருடையது என்ற குறிப்புதான் இல்லை. 1991இல் பல்கலைக்கழகக் குழு இது எழுத்துத் திருட்டு என்று முடிவுசெய்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை, நூலகப் பிரதியோடு ஒரு கடிதத்தை இணைத்துவைத்தது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. கிங்கின் நெறியாளர் ஹரால்ட் டிவுல்ஃப்தான், மூன்றாண்டுகளுக்கு முன் பூசரின் ஆய்வேட்டுக்கும் முதல் வாசகர். ஒரே வாக்கியங்கள் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் மேசைக்கு இரண்டு முறை வந்திருக்கின்றன. அவர் காதில் எதுவும் ஒலிக்கவில்லை.

இதே கிங்கைத் தேவாலய மேடையில் பாருங்கள். கீத் மில்லர் என்ற ஆய்வாளர் 1992இல் எழுதிய நூலில், கறுப்பினப் போதகர்களின் மரபில் பிறர் பிரசங்கங்களை எடுத்தாள்வது இயல்பு என்றும், ஒரு குரல் இன்னொரு குரலோடு கலப்பதே அந்தக் கலை என்றும் காட்டினார். 1963இல் வாஷிங்டனில் கிங் ஆற்றிய உரையின் இறுதிப்பகுதி, 1952இல் ஆர்ச்சிபால்ட் கேரி என்ற போதகர் ஆற்றிய உரையின் முடிவை நெருக்கமாக ஒத்திருக்கிறது. இருவரும் ஒரு தேசபக்திப் பாட்டின் வரிகளை எடுத்து, நாட்டின் மலைகளைப் பெயர்சொல்லி அழைத்து முடிக்கிறார்கள். கூட்டத்துக்கு அந்தப் பாட்டு தெரியும், விவிலிய வாசகங்கள் தெரியும், போதகரின் ஏற்ற இறக்கம் தெரியும். தெரிந்ததால்தான் ஆமென் என்று திருப்பிக் கூவினார்கள். எடுத்தது கேட்பவரின் காதில் போய் முழுமையடைந்தது.

கிங்கின் ஆய்வேட்டுத் திருட்டைப் பிரசங்க மரபைக் காட்டி மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வேடு என்ற வடிவம், 'இது நானே யோசித்தது, இது அவரிடமிருந்து பெற்றது' என்று பிரித்துக்காட்டும் வாக்குறுதி. கிங் அதை மீறினார். பூசருக்குப் பட்ட கடன் கடன்தான். ஆனால் ஒரே மனிதர், ஒரே பழக்கத்தோடு, கேட்பவர் இருந்த இடத்தில் கலையையும் கேட்பவர் இல்லாத இடத்தில் காப்பியையும் உண்டாக்கியிருக்கிறார்.

6

'அதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு மரபில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை, எல்லாம் பொதுச்சொத்து' என்று சிலர் சொல்வதுண்டு. தமிழ் மரபு அவ்வளவு அலட்சியமாக இருந்ததில்லை.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலை மறுபடி நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல். நன்னூல் சார்பு நூல் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. முன்னோர் நூலின் முடிவை ஏற்று, பின்னால் வருபவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வது வழிநூல் என்று விளக்குகிறது. முன்னோரின் கருத்தோடு அவர்கள் சொல்லையும் போற்றி எடுத்தாளலாம் என்று அனுமதியும் தருகிறது. எடுப்பதை இயல்பாக ஏற்றுக்கொண்ட மரபு இது. அதே நேரம் எது முதல், எது வழி என்று சொல்லிவிட வேண்டும் என்பதில் கறாராகவும் இருந்தது. கம்பர் தனக்கு முன் வடமொழியில் இக்கதையைச் சொன்னவர்களையும், அவர்களில் தான் யாரைப் பின்பற்றுகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

எனக்குப் பிடித்த உதாரணம் மணிமேகலை. சிறைசெய் காதையில் சதுக்கப்பூதம் மருதி என்ற பெண்ணிடம் பேசும்போது, கணவனையே தொழும் மனைவி பெய்யென்றால் மழை பெய்யும் என்ற குறளைச் சாத்தனார் ஏறக்குறைய அப்படியே எடுத்துவைக்கிறார். எடுத்த கையோடு, இது பொய் சொல்லாத புலவன் ஒருவனின் வாக்கு என்று பூதத்தின் வாயாலேயே சொல்லவைக்கிறார். குறளில் அது பொதுவான புகழ்ச்சி. இங்கே, இளவரசன் ஒருவனின் தொந்தரவுக்கு ஆளாகி முறையிட வந்த பெண்ணிடம், நீ விழாவும் பிற தெய்வமும் தொழுதவள், அதனால் உன் சொல்லுக்கு மழை பெய்யாது என்று சுட்டிக்காட்டும் கருவியாகிறது. இன்று படித்தால் குறளின் கூர்மை ஒரு பெண்ணின் மேல் இறங்குவது உறைக்கிறது. வெட்டி எடுத்த துண்டு புதிய இடத்தில் புதிய விசை பெறுகிறது. துண்டு யாருடையது என்பதும் பாட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. அடிக்குறிப்பு இல்லை, மென்பொருள் இல்லை. கவனமும் இருக்கிறது, கடனும் தீர்ந்திருக்கிறது.

இதையே எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலும் பார்க்கலாம். தி க்ளாஷ் குழுவின் பாட்டிலிருந்து எடுத்த இசைமேல் அது அமைந்திருக்கிறது. பாட்டை எழுதியவர்களின் பட்டியலில் அந்தக் குழுவினரின் பெயர்களும் இருக்கின்றன.

7

இப்போது இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தலைப்பைக் கொடுத்தால் 5 பக்கம் தந்துவிடுகிறது. ஒற்றுமைச் சோதனையில் போட்டால் சதவீதம் பூஜ்ஜியத்தை ஒட்டியே வரலாம். ஈ இல்லை, கரகரப்பும் இல்லை. சுத்தமான தாள். 2018 ஒழுங்குமுறையின் கணக்குப்படி பார்த்தால் இவர்தான் உத்தம மாணவர், ஒட்டுப்போடத் திணறும் முதல் தலைமுறை மாணவர் குற்றவாளி. அளவுகோல் தவறு என்பதற்கு இனி வேறு நிரூபணம் தேவையில்லை.

சாம்பிளிங்கிடமிருந்து கல்லூரிகள் கற்க வேண்டியது 'எதை வேண்டுமானாலும் எடு' என்ற சலுகையை அல்ல. எப்படி எடுப்பது என்ற பயிற்சியை. இரண்டு பக்க அசைன்மெண்ட் போதும். மூன்று நூல்களிலிருந்து மூன்றே பத்திகளை எடு. அப்படியே எடு, ஒரு சொல்லும் மாற்றாதே, மேற்கோள்குறி போடு, யாருடையது என்று எழுது. ஏன் இதை எடுத்தாய், எங்கே வெட்டினாய், ஏன் இந்தப் பத்திக்குப் பக்கத்தில் அந்தப் பத்தியை வைத்தாய் என்று உன் மொழியில், கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் எழுது. மென்பொருளில் போட்டால் இது 50 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் இதில் காப்பியடிப்பது மிகவும் கஷ்டம்.

ஜோனதன் லெதம் 2007இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. தாக்கத்தின் பரவசம் பற்றிய அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பிறர் எழுதிய வாக்கியங்களைக் கோத்தது. எது யாரிடமிருந்து வந்தது என்ற விவரத்தைக் கடைசியில் அவரே கொடுத்திருந்தார். கட்டுரையை ஒருமுறை படிப்பீர்கள், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபடியும் படிப்பீர்கள்.

இப்படி ஒரு பயிற்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு ஆசிரியருக்கு 60 பேர் கொண்ட நான்கு வகுப்புகளைக் கொடுத்துவிட்டு, தொகுப்பூதியமும் தந்துவிட்டு, ஒவ்வொரு தாளையும் காது கொடுத்துக் கேள் என்று சொல்ல முடியாது. மென்பொருள் மலிவு, ஆசிரியர் செலவு. அதனால்தான் எண்ணுகிறோம். எழுத்துத் திருட்டைப் பற்றிய பேச்சு மாணவரின் ஒழுக்கத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. ஆசிரியர் பணியிடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்ற கேள்விக்கு அது போவதே இல்லை.

கடைசி பெஞ்சு நண்பருக்கு என் பதில் இதுதான். சாம்பிளிங் மாதிரிதான் செய்தேன் என்று நீங்கள் சொன்னால் நம்பத் தயார். எந்தத் தட்டு, எந்த இடம், ஏன் அங்கே வெட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு, அந்த டிரம்ஸை வாசித்தவர் பெயர் கிரெகரி கோல்மன் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.